கடாவின் பங்கு எவ்வளவு, தாயின் பங்கு எவ்வளவு: எருமைக் கன்றின் முதல் ஆறு மாதம்

ஒரே கடாவின் விந்துக்குச்சிக்கு (செயற்கைக் கருவூட்டல் ஊசியில் வைக்கும், விந்து நிரப்பிய மெல்லிய குழல்) பிறந்த இரண்டு கிடேரிக் கன்றுகள். இரண்டும் முர்ரா என்ற கறவை எருமை இனம். ஒரே வாரம், ஒரே கொட்டகை. பிறந்தபோது ஒன்று 32 கிலோ, மற்றது 30 கிலோ. தொண்ணூறாம் நாள் ஒன்று 75 கிலோ வந்துவிட்டது. மற்றது 52 கிலோவில் முடி பரட்டையாக, வயிறு தள்ளி நிற்கிறது. முதலாவது நாளுக்குச் சுமார் 480 கிராம் ஏறியிருக்கிறது. இரண்டாவது அதில் பாதிதான். எருமை வளர்க்கும் ஊர் எதிலும் இது புதிதல்ல. இந்த இடத்தில் "கடா சரியில்லை, அடுத்த தடவை வேற ஊசி போடச் சொல்லணும்" என்று முடிவெடுப்பவர்களே அதிகம்.

இரண்டுக்கும் அப்பன் ஒன்று. கடாவின் மரபணுவில் பாதிதான் கன்றுக்குப் போகிறது, எந்தப் பாதி என்பது கன்றுக்குக் கன்று மாறும் என்பது உண்மைதான். அதனால் நாலைந்து கிலோ முன்பின் வரலாம். 23 கிலோ வித்தியாசத்துக்கு அது மட்டும் காரணமாகாது. தேட வேண்டியது தாயிடம்.

கன்றுக்குக் கடா தருவது மரபணுவில் பாதி, அவ்வளவுதான். தாய் எருமை மூன்று விதமாகத் தருகிறது. மரபணுவின் மற்றப் பாதி அதனுடையது. சினைக்காலத்துப் பத்து மாதமும் கன்று வளரும் இடம் அதன் கருப்பை. பிறந்த பிறகு சீம்பாலும் பாலும் அதன் மடியிலிருந்துதான் வருகின்றன. பின்னிரண்டும் கன்றுக்கு வெறும் சூழ்நிலை. ஆனால் அந்தச் சூழ்நிலையின் ஒரு பகுதி தாயின் மரபணுவால் அமைகிறது. பால் நிறையக் கறக்கும் குடும்பத்தில் வந்த எருமை தன் கன்றுக்கு நல்ல மடியைத் தருகிறது. அந்தக் குணத்தின் மரபணு கன்றுக்கும் போகும். ஆனால் அது வெளியில் தெரிவது, அந்தக் கன்று கிடேரியாக வளர்ந்து தானும் ஈன்ற பிறகுதான். ஒரு தலைமுறை தள்ளிப்போகும் கணக்கு என்பதால் வீட்டுத் தொழுவத்தில் இது கண்ணில் படுவதே இல்லை.

ஆராய்ச்சிப் பண்ணைகளின் எடைக் கணக்குகளிலும் இதே குழப்பம் வரும். தாயின் தாக்கத்தைத் தனியே பிரிக்காமல் கணக்குப் போட்டால் பிறப்பு எடையும் மூன்று மாத எடையும் பெரும்பாலும் பரம்பரையால் வருவதுபோல் தெரியும். தாய்வழிப் பங்கைப் பிரித்ததும் கன்றின் சொந்த மரபணுவின் பங்கு சுருங்கிவிடும். வயது ஏற ஏற நிலைமை மாறுகிறது. பிறப்பிலும் பால்குடிப் பருவத்திலும் தாயின் கை ஓங்கியிருக்கும். பால் மறந்து தீவனத்தில் நிற்கும்போது, அதாவது ஆறு மாதத்துக்குப் பிறகு, கன்றின் சொந்த மரபணு முன்னுக்கு வரும். ஆகவே மூன்று மாத எடையை மட்டும் வைத்துக் கடாவுக்கு மதிப்பெண் போடுவது தவறு. அந்த எடை முக்கால்வாசி தாயைப் பற்றித்தான் பேசுகிறது.

சின்னத் தாய், பெரிய கடா

தாயின் கருப்பை கன்றின் அளவை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதற்கு இன்றும் சொல்லப்படும் சான்று 1938இல் வந்தது. கேம்பிரிட்ஜில் வால்டன், ஹாமண்ட் என்ற இருவர் ஷயர் என்ற மிகப் பெரிய குதிரை இனத்தையும் ஷெட்லாண்ட் என்ற குள்ள மட்டக்குதிரையையும் இரு வழியிலும் கலந்து பார்த்தார்கள். மரபணுக் கலவை இரண்டிலும் பாதிக்குப் பாதிதான். ஆனால் ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்த குட்டியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு எடை இருந்தது. பிறந்த பிறகும் அந்த வித்தியாசம் முழுவதுமாக மறையவில்லை.

நம் ஊர் நாட்டு எருமைக்கு முர்ரா ஊசி போடும்போது நடப்பதும் இதுதான். 300 கிலோ சொச்சம் இருக்கும் எருமையின் வயிற்றில் முர்ராக் கன்று முழு அளவுக்கு வளராது. தாய் அளவைக் கட்டுப்படுத்திவிடும். அதனால் ஈற்றுச் சிக்கல் பயந்த அளவுக்கு வருவதில்லை. அதே காரணத்தால் முதல் தலைமுறைக் கலப்புக் கன்று எடை குறைவாகவே பிறக்கிறது. பிறகு நாளுக்கு மூன்று லிட்டர் கறக்கும் தாயிடம், வீட்டுத் தேவை போக மிச்சத்தைக் குடித்து வளர்கிறது. மூன்று மாதத்தில் அதைப் பார்த்து "முர்ரா நம்ம ஊருக்கு ஒத்து வரலை" என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கிடேரியைக் காப்பாற்றி வளர்த்து மறுபடி முர்ரா ஊசி போட்டால், வரும் முக்கால் முர்ராக் கன்றுக்குத் தாய் பெரிதாக இருக்கும், மடியும் பெரிதாக இருக்கும். இரண்டாம் தலைமுறையில் கன்று திடீரென்று தேறுவதற்குக் காரணம் கூடுதல் கால் பங்கு முர்ரா ரத்தம் மட்டுமல்ல, தாய் மாறியதும்தான்.

பர்கூர் மலை எருமைக்கும் நீலகிரியின் தோடா எருமைக்கும் இந்தப் பேச்சு பொருந்தாது. அவை அந்தந்த மலைக்கென்றே அமைந்த இனங்கள். அவற்றில் முர்ராவைக் கலப்பது நல்லதல்ல என்பதே எங்கள் கருத்து.

வயிற்றில் இருக்கும்போதே

முர்ராவுக்குச் சினைக்காலம் சுமார் 310 நாள். பசுவைவிட ஒரு மாதம் கூட. கன்றின் பிறப்பு எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடைசி மூன்று மாதத்தில் கூடுகிறது. நம் தொழுவங்களில் எருமைக்குத் தீவனம் குறைவதும் அதே மூன்று மாதத்தில்தான். கறவை நின்ற அன்றே பிண்ணாக்கும் தவிடும் நின்றுவிடும். "கறக்காத மாட்டுக்கு எதுக்கு" என்பார்கள். அந்தத் தீவனம் கன்றுக்கும், அடுத்த ஈத்தின் சீம்பாலுக்கும் போக வேண்டியது.

500 கிலோ எடையுள்ள முர்ராவுக்குக் கறவை வற்றிய காலத்தில் பசுந்தீவனம் 25 கிலோ, வைக்கோல் 5 கிலோ, அடர்தீவனம் (பிண்ணாக்கு, தவிடு, தானியக் கலவை) 2 கிலோ, தாது உப்புக் கலவை 50 கிராம், சாதா உப்பு 30 கிராம் என்று தினம் கொடுத்தால் சரியாக இருக்கும். ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து அடர்தீவனத்தை மெல்ல மெல்ல 3 கிலோவுக்கு ஏற்றலாம். ஒரேயடியாக ஏற்றினால் செரிமானம் கெடும். வைக்கோலை ஒரே வேளையில் கொட்டாமல் நாலு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். கடைசி மாதத்தில் வயிறு முட்ட வைக்கோல் தின்று படுக்கும் எருமையில் கருப்பைவாய் வெளித்தள்ளல் அதிகம் பார்க்கிறோம். எருமைக்கு இது ஏற்கெனவே பசுவைவிடக் கூடுதலாக வரும் தொல்லை.

வற்றவிடும் காலம், அதாவது ஈனுவதற்கு முன் கறவையை நிறுத்திவைக்கும் காலம், 60 நாள் வேண்டும். ஈனுவதற்கு இருபது நாள் முன்பு வரை கறந்த எருமைக்குச் சீம்பால் குறைந்தும் தண்ணியாகவும் வரும். அதற்கு எந்த மருந்தும் கிடையாது.

வெயில் பற்றி யாரும் பேசுவதில்லை. எருமைக்குத் தோல் கறுப்பு, வியர்வைச் சுரப்பிகள் பசுவைவிட மிகக் குறைவு. ஜூலையில் ஈனப்போகும் எருமை தன் சினையின் கடைசி மூன்று மாதத்தை அக்னி நட்சத்திரத்தோடு கழிக்கிறது. வெப்பத்தில் கருப்பைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது, நஞ்சுக்கொடி சிறுக்கிறது, கன்று சில கிலோ குறைந்து பிறக்கிறது. இப்படிப் பிறக்கும் கன்றுகளின் குடல் சீம்பாலின் எதிர்ப்புச் சக்தியை உறிஞ்சுவதும் குறைவு என்பது கறவைப் பசுக்களில் நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம். கறவை எருமைக்கு மின்விசிறியும் தண்ணீர்த் தெளிப்பும் வைத்துவிட்டு, வற்றிய எருமையை வெயிலில் கட்டும் பண்ணைகள் உண்டு. மாற்றிச் செய்வதில் செலவே இல்லை. குளமோ குட்டையோ இருந்தால் பகல் பதினொன்று முதல் மூன்று வரை அதில் விடுங்கள். இல்லையென்றால் நிழலில் கட்டி மூன்று வேளை தண்ணீர் ஊற்றுங்கள்.

ஈத்து வரிசையும் கணக்கில் வரவேண்டும். முதல் ஈத்துக் கிடேரி தானே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. தின்பதில் ஒரு பங்கு அதன் உடம்புக்கே போய்விடும். கன்றும் சிறியது, சீம்பாலும் குறைவு. மூன்றாவது முதல் ஐந்தாவது ஈத்து வரை கன்று எடை நன்றாக இருக்கும். பிறகு மெல்ல இறங்கும். முதல் ஈத்தில் கன்று இளைத்துவிட்டது என்பதற்காக ஒரு நல்ல குடும்பத்துக் கிடேரியைச் சந்தைக்கு ஓட்டுவது அவசரம்.

பிறப்பு எடை 30 முதல் 35 கிலோ இருந்தால் போதும். கடாக் கன்று கிடேரியைவிட ஒன்று இரண்டு கிலோ கூட இருக்கும். 40 கிலோவைத் தாண்டினால், குறிப்பாக முதல் ஈத்தில், ஈற்றுச் சிக்கல் வரும். 25 கிலோவுக்குக் கீழே பிறந்ததைத் தனிக் கவனிப்புக் கன்றாக வையுங்கள். அதற்குக் குளிர் தாங்காது, எழுந்து காம்பைத் தேடவும் நேரம் ஆகும்.

முதல் நாளின் சீம்பால்

மாட்டினத்தில் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்புச் சக்தி கன்றுக்குப் போவதில்லை. பிறக்கும்போது அதன் கணக்கு பூஜ்யம். சீம்பால்தான் முதல் வரவு. குடல் அதை உறிஞ்சும் வழி பிறந்த மணியிலிருந்தே மூடத் தொடங்கி, 24 மணி நேரத்தில் அநேகமாக மூடிவிடும். கொடுக்க வேண்டிய சீம்பால் கன்று எடையில் பத்தில் ஒரு பங்கு: 32 கிலோ கன்றுக்கு 3.2 லிட்டர். அதில் பாதியை முதல் இரண்டு மணி நேரத்திலும், மீதியைப் பன்னிரண்டு மணிக்குள்ளும் கொடுத்துவிடுங்கள். காம்பில் விட்டால் எவ்வளவு குடித்தது என்று யாருக்கும் தெரியாது. எருமையின் காம்பு தடித்து நீண்டிருந்தால் பலவீனமான கன்றால் வாயில் பிடிக்கவே முடியாது. முட்டி முட்டிச் சோர்ந்து படுத்துவிடும். முதல் வேளையைக் கறந்து, புட்டியில் அளந்து கொடுப்பதே நிச்சயமான வழி.

நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் கறக்க வேண்டும் என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. கொடி விழ ஆறு மணி, எட்டு மணி நேரம் ஆகும்போது கன்றுக்குக் கிடைக்க வேண்டியதில் பெரும்பகுதி வீணாகிறது. உண்மையில் கன்று ஊட்டினால் தாய்க்கு ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து கருப்பை சுருங்கும். கொடி விழ அது துணையே செய்யும்.

பழைய ஈத்து எருமையின் முதல் கறவைச் சீம்பாலில் மிஞ்சுவதை ஒரு லிட்டர் புட்டிகளில் உறையவைத்து வையுங்கள். முதல் ஈத்துக் கிடேரிகளின் கன்றுகளுக்கு அது உயிர் காக்கும். உருக்கும்போது 50 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் புட்டியை வைத்து உருக்குங்கள். அடுப்பில் வைத்தால் எதிர்ப்புப் புரதம் திரிந்து, வெறும் திரட்டுப்பால்தான் மிஞ்சும். தரம் பார்க்க, சீம்பாலின் அடர்த்தியைக் காட்டும் பிரிக்ஸ் மானி நல்ல கருவி: 22 பிரிக்ஸுக்கு மேல் காட்டினால் சேமிக்கலாம்.

தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி, அதற்கு ஒரு சென்டிமீட்டர் கீழே வெட்டி, டிங்சர் அயோடினில் முக்குங்கள். தாய் நக்கட்டும். முதல் ஈத்தில் நக்காமல் விலகினால் கன்றின் முதுகில் கொஞ்சம் தவிட்டைத் தூவினால் நக்கத் தொடங்கும்.

ஒரு காம்பு கணக்கு

"ஒரு காம்பைக் கன்னுக்கு விட்டுடறோம்" என்பது தாராளமாகத் தெரியும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. எருமை மடியில் முன்மடி இரண்டும் சேர்ந்து சுமார் 40 சதவீதம், பின்மடி இரண்டும் 60 சதவீதம் பால் தரும். நாளுக்கு 8 லிட்டர் கறக்கும் எருமையில் ஒரு முன்காம்பு 1.6 லிட்டர், ஒரு பின்காம்பு 2.4 லிட்டர். 32 கிலோ கன்றுக்கு முதல் மாதத்தில் தேவை 3.2 லிட்டர். முன்காம்பு விட்டால் பாதிப் பசிதான் அடங்கும். 5 லிட்டர் எருமையின் முன்காம்பில் ஒரே ஒரு லிட்டர்! தொடக்கத்தில் சொன்ன 75 கிலோ, 52 கிலோ வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. கறவை குறைந்த தாயிடம் கன்றுக்கு இரண்டு காம்பு விட வேண்டும். அல்லது அளந்து புட்டியில் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, எருமை மடியில் பால் தேங்கும் அறை மிகச் சிறியது. மடிப்பாலில் 5 சதவீதம்தான் அங்கே நிற்கும். மற்றதெல்லாம் சுரப்புத் திசுக்களுக்குள் இருக்கும். சுரப்பு விடும் வரை, அதாவது தாய் பாலை இறக்கிவிடும் வரை, கன்றுக்கு ஒன்றும் வராது. கன்றை முட்டவிட்டு, சுரப்பு விட்ட கணமே இழுத்துக் கட்டினால் அதன் வாய்க்குப் போனது கொழுப்புக் குறைந்த முதல் சில மிடறுதான். கறந்து முடித்துக் கன்றை விட்டால் கடைசிப் பால் கொழுப்பு மிகுந்தது, ஆனால் அளவு இல்லை. கறப்பவர் சுத்தமாக ஒட்டக் கறந்தால் கன்று வெறும் காம்பைத்தான் சப்பும்.

உண்மையில் எவ்வளவு குடிக்கிறது என்று அறிய ஒரு வழி உண்டு. தொங்கு தராசில் ஊட்டுவதற்கு முன் ஒரு முறை, ஊட்டி முடித்த உடனே ஒரு முறை கன்றை நிறுத்துப் பாருங்கள். இடையில் சாணமோ மூத்திரமோ போகாமல் இருக்க வேண்டும். காலையும் மாலையும் இரண்டு நாள் செய்தால் போதும், தெளிவு வந்துவிடும்.

பால் அளவு: முதல் மாதம் எடையில் பத்தில் ஒரு பங்கு, இரண்டாம் மாதம் பதினைந்தில் ஒரு பங்கு, மூன்றாம் மாதம் இருபதில் ஒரு பங்கு. இரண்டாம் வாரத்திலிருந்தே கன்றுத் தீவனத்தை வாயில் தடவிப் பழக்குங்கள். 100 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 48, நிலக்கடலைப் பிண்ணாக்கு 25, சோயாப் பிண்ணாக்கு 10, கோதுமைத் தவிடு 14, தாது உப்பு 2, சாதா உப்பு 1. புரதம் ஏறத்தாழ 21 சதவீதம் வரும். கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை வாடை அடித்தால் கன்றுக்கு வேண்டவே வேண்டாம், கல்லீரல் போய்விடும். யூரியா கலந்த தீவனமும் இந்த வயதில் கூடாது. குடிதண்ணீர் எப்போதும் முன்னால் இருக்கட்டும். தண்ணீர் இல்லாமல் கன்று உலர்தீவனத்தைத் தொடாது.

பாலில் வரும் புழு

தாய் தரும் கெடுதல்களில் முக்கியமானது இது. டாக்சோகாரா விட்டுலோரம் என்ற பெரிய உருளைப்புழுவின் இளம்புழுக்கள் எருமையின் உடல் திசுக்களில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். ஈனும் சமயத்தில் விழித்து மடிக்குப் போய், சீம்பாலோடும் முதல் வாரப் பாலோடும் கன்றின் குடலுக்கு வந்து சேரும். மூன்று வாரத்தில் முட்டையிடும் பெரிய புழுவாகிவிடும். கன்று வயிறு தள்ளும், களிமண் நிறத்தில் நாற்றமடிக்கும் கழிச்சல் போகும், சில கன்றுகளுக்குக் குடலே அடைத்துவிடும்.

மருந்து கொடுக்கும் நாள்தான் முக்கியம். பிறந்த 10 முதல் 16 நாளுக்குள் ஒரு முறை. அதற்கு முன்னால் கொடுத்தால் பாலில் புழு வருவது இன்னும் நிற்கவில்லை. பின்னால் கொடுத்தால் புழு பெருத்து, முட்டை தொழுவம் முழுக்கப் பரவிவிடும். இந்த நாள் கணக்கு இலங்கையில் எருமைகளில் செய்த ஆய்விலிருந்து வந்தது. பைரான்டெல், பைப்பரசின் இரண்டும் கேட்கும். எடைக்கேற்ற அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "தாய்க்குத்தான் சினையிலேயே புழு மருந்து கொடுத்தோமே" என்றால், குடலில் உள்ள புழுவுக்குத்தான் அது. திசுவில் உறங்குவதை அந்த மருந்து நம்பும்படி தொடுவதில்லை.

இதைக் கவனிக்காத தொழுவத்தில் ஒரே எருமையின் கன்றுகள் ஈத்துக்கு ஈத்து மெலிந்தே வரும். பார்ப்பவர்களுக்கு அது குடும்ப வாகு, பரம்பரைக் குறை என்றே தோன்றும். மடிநோயில் ஒரு காம்பு செத்துப்போன எருமையின் கன்றுகளும் அப்படித்தான். ஈத்துக்கு ஈத்து திரும்பி வருவதெல்லாம் மரபணு அல்ல.

பிரித்துப் பார்ப்பது எப்படி

எடை தெரியாமல் எதையும் பிரிக்க முடியாது. தராசு இல்லையென்றால் நாடா போதும். முன்னங்காலை ஒட்டி மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்புட்ட எலும்பு முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 75, நீளம் 62 என்றால் 32 கிலோ. சுற்றளவு 115, நீளம் 98 என்றால் 120 கிலோ. கன்று நாலு காலிலும் சமமாக நிற்க வேண்டும். காலையில் பாலுக்கு முன் எடுக்க வேண்டும். ஒரே ஆள் எடுத்தால் பிழையும் ஒரே மாதிரி இருக்கும், ஒப்பிட அது போதும்.

எல்லாக் கன்றையும் சரியாகத் தொண்ணூறாம் நாள் நிறுக்க முடியாது. 97ஆம் நாள் 60 கிலோ, பிறப்பில் 31 கிலோ என்றால், ஏறிய 29 கிலோவை 97 ஆல் வகுத்து 90 ஆல் பெருக்கினால் 27. அதோடு 31 சேர்த்தால் 58 கிலோ. இதுதான் திருத்திய எடை. ஒப்பிடும்போது கடாக் கன்றைக் கடாக் கன்றோடு, கிடேரியைக் கிடேரியோடு, ஒரே பருவத்தில் பிறந்ததை அதே பருவத்தில் பிறந்ததோடு வையுங்கள். ஐப்பசி அடைமழையில் ஈரத் தரையில் கிடந்த கன்றையும் தைக் கன்றையும் ஒரே வரிசையில் வைத்தால் கடாவுக்கும் தாய்க்கும் சேர்த்தே அநியாயம்.

கன்று ஒன்றுக்கு ஒரு பக்க நோட்டு: தாயின் காதுத் தோட்டின் 12 இலக்க எண், ஈத்து, வற்றவிட்ட தேதி, விந்துக்குச்சியில் அச்சிட்ட கடா எண், பிறப்பு எடை, முதல் சீம்பால் கொடுத்த நேரமும் அளவும், விட்ட காம்பு, புழு மருந்து கொடுத்த நாள், பிறகு மாதா மாத எடை. ஊசி போட்டவுடன் காலிக் குச்சியைக் கேட்டு வாங்கி நோட்டில் ஒட்டிவிடுங்கள். "முர்ரா ஊசி" என்று மட்டும் எழுதிய நோட்டு எதற்கும் உதவாது.

இரண்டு ஆண்டு நோட்டு சேர்ந்தால் கேள்வி கேட்கலாம். ஓர் எருமையின் கன்றுகள் இரண்டு மூன்று வேறு கடாக்களுக்குப் பிறந்தும் எல்லாமே கூட்டத்தின் சராசரிக்குக் கீழே நிற்கின்றனவா? தாய்ப்பக்கம் பாருங்கள்: மடி, காம்பு, வற்றவிட்ட நாள், புழு. அதே எருமையின் கன்று பிறப்பில் நன்றாக இருந்து மூன்று மாதத்தில் இறங்கினால் குறை பாலில். பிறப்பிலேயே சிறுத்தால் சினைக்காலத்தில். மாறாக ஒரு கடாவின் கன்றுகள் ஏழெட்டு வெவ்வேறு தாய்களிடம் வளர்ந்தும் பன்னிரண்டு மாத எடையில் எல்லாமே பின்தங்கினால், அப்போது கடாவைச் சந்தேகப்படுங்கள். இரண்டு கன்றை வைத்துக் கடாவைத் தள்ளுவதில் நியாயம் இல்லை.

கடாவை மாற்றி எவ்வளவு கிடைக்கும் என்பதையும் கணக்குப் பார்க்கலாம். கூட்டத்தின் ஆறு மாத எடை சராசரி 120 கிலோ, வாங்க நினைக்கும் கடா அந்த வயதில் 140 கிலோ இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மேலே நிற்கும் 20 கிலோவில் மரபணுவின் பங்கு 30 சதவீதம் என்று எடுத்தால் 6 கிலோ. கன்றுக்குப் போவது அதில் பாதி, 3 கிலோ. அந்தக் கடாவே பால் பொங்கும் ஒரு தாயிடம் வளர்ந்திருந்தால் அதுவும் குறையும். பட்டினி கிடக்கும் கன்றுக்கு இரண்டு மாதம் தினம் ஒரு லிட்டர் பால் கூடுதலாகக் கொடுத்தால் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். அதற்காகக் கடா வேண்டாம் என்பதில்லை. பால் கொடுத்தது அந்தக் கன்றோடு முடிந்துவிடும். மரபணுவில் சேர்ந்த 3 கிலோ கூட்டத்தில் தங்கும், அடுத்த தலைமுறையில் கூடவும் செய்யும். பால் கொடுக்காமல் கடாவை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வீண்.

ஊர்ப் பொதுக் கடாவில் கவனிக்க வேண்டியது ரத்த உறவு. ஒரு கடா வேலைக்கு வந்த நாளிலிருந்து அதன் முதல் மகள் சினைக்கு வர ஏறத்தாழ மூன்றரை ஆண்டு ஆகும். அதற்குள் கடாவை மாற்றாவிட்டால் அப்பனே மகளுக்குச் சேரும். அப்படிப் பிறக்கும் கன்றின் உட்கலப்பு (நெருங்கிய உறவில் சேர்ந்ததன் அளவு) 25 சதவீதம். சின்னதாகப் பிறப்பது, காரணமில்லாமல் சாவது, தேறாமல் நிற்பது எல்லாம் கூடும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பக்கத்து ஊரோடு கடாவை மாற்றிக்கொள்வது செலவில்லாத தீர்வு.

ஊசிக்குக் கடா தேர்ந்தெடுக்கும்போது கன்று எடையைத் தேடி அலைய வேண்டாம். மகள்களின் பால் கணக்கு வைத்துத் தேர்ந்த கடாவின் குச்சி கிடைத்தால் அதையே போடுங்கள். அந்தப் பாலின் பலன் பேரக்கன்றின் எடையில் வரும்.

இதில் ஒரு முரணும் உண்டு. கன்றின் சொந்த வளர்ச்சி மரபணுவுக்கும் தாய்வழிக் குணத்துக்கும் எதிர்த் தொடர்பு இருப்பதாகப் பல கணக்குகளில் வருகிறது. வேகமாக வளரும் கிடேரி பிறகு சுமாரான தாயாகிறது என்பதுபோல. கணக்கின் கோளாறு அதில் கொஞ்சம் இருக்கலாம். உடம்பில் நடக்கும் காரணமும் இருக்கிறது: மூன்று மாதத்திலிருந்து ஒன்பது பத்து மாதம் வரை கிடேரிக்கு மாவுத் தீவனம் அளவுக்கு மீறிப் போனால், மடியில் சுரப்புத் திசு வளர வேண்டிய இடத்தில் கொழுப்பு ஏறிவிடும். நாளுக்கு 400, 500 கிராம் ஏறும் முர்ராக் கிடேரிக்கு இந்த ஆபத்து இல்லை. தாயின் பாலும் கட்டுப்பாடில்லாமல், அடர்தீவனமும் கட்டுப்பாடில்லாமல் போகும் வசதியான பண்ணைகளில் மட்டும் நாலாம் மாதத்திலிருந்து அடர்தீவனத்தை ஒன்றரைக் கிலோவில் நிறுத்தி, மீதி வயிற்றை வேலிமசால் என்ற பசுந்தீவனப் பயிராலும் தீவனச்சோளத்தாலும் நிரப்புங்கள்.